காட்டில் முளைக்காத பொருள்

சில கேள்விகள் பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை. பொழுது போவதற்காகக் கேட்கப்படுகின்றன. கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு இலை போடத் தாமதமாகும்போதும், ரயில் சிக்னலுக்காக நடுவழியில் நின்றுவிடும்போதும் இந்த மாதிரிக் கேள்விகள் தாமாகவே முளைக்கும். அவற்றுள் ஒன்று இது: "ஆள் அரவமில்லாத காட்டில் உங்களைத் தனியாகக் கொண்டுபோய் விடுகிறார்கள். கையில் ஒரே ஒரு சாமான்தான் வைத்துக்கொள்ளலாம். எதை எடுத்துக்கொள்வீர்கள்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத மனிதரை நான் பார்த்ததில்லை. வக்கீல் நண்பர் ஒருவர் சற்றும் யோசிக்காமல் தீப்பெட்டி என்றார். நெருப்பு இருந்தால் குளிர் அண்டாது, மிருகம் அண்டாது, கிழங்கைச் சுட்டுத் தின்னலாம் என்று மூன்று வாதங்களையும் வரிசையாக எடுத்து வைத்தார். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் பேனாக்கத்தி என்றார். ஒரு பையன் செல்போன் என்றான். காட்டில் டவர் இருக்காதே அப்பா என்றதற்கு, "டார்ச் இருக்கிறதே மாமா!" என்றான். எனக்குத் தூரத்து உறவில் அத்தை முறையாகும் ஓர் அம்மாள் மட்டும், "தனியாக விடுகிறார்கள் என்றா சொன்னாய்? அப்படியானால் வேறு ஒன்றுமே வேண்டாம். நாலு நாள் நிம்மதியாகத் தூங்கிவிட்டு வருவேன்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்திம்பேர் விசிறியால் வேகமாக விசிறிக்கொண்டார்.

எல்லாம் நல்ல பதில்கள்தாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? இதற்குப் பதில் சொல்லுகிறவர்கள் அத்தனை பேரும், வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் குடை, கைப்பை, மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, தண்ணீர்ப் பாட்டில் ஆகிய ஐந்தையும் தேடி எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள். ஒரு பொருளோடு ஒரு மணி நேரம்கூட இருந்து பழக்கம் இல்லாதவர்கள். ஆகவேதான் நம் பதிலில் இவ்வளவு நிச்சயம் இருக்கிறது.

கதைகளில் வருகிறவர்கள்கூட இந்த விதிக்குக் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. 1719-ல் வெளிவந்த ராபின்சன் குரூசோ கதையை நாம் எல்லோரும் பள்ளியில் சுருக்கமாகவாவது படித்திருப்போம். கரை ஒதுங்கியபோது அவனிடம் இருந்தவை ஒரு கத்தி, ஒரு புகைக்குழாய், கொஞ்சம் புகையிலை. அதோடு விட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் அவனோ உடைந்து நின்ற கப்பலுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போய்வந்து, துப்பாக்கி, மருந்து, ரொட்டி, கோடரி, பாய்மரத் துணி என்று ஒரு மளிகைக் கடையையே கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். அதற்குப் பிறகு பிழைத்தது பெரிய காரியமா?

கதையைவிட நிஜம் எப்போதும் சற்றுக் கண்டிப்பானது. அலெக்ஸாண்டர் செல்கிர்க் என்ற மாலுமி 1704-ல் தன் கப்பல் தலைவனோடு சண்டை போட்டுக்கொண்டு, சிலி நாட்டுக்கு மேற்கே ஆளில்லாத தீவு ஒன்றில் தனியாக இறக்கிவிடப்பட்டான். நாலு வருஷமும் நாலு மாதமும் அங்கே இருந்தான். 1709-ல்தான் வேறொரு கப்பல் அவனை ஏற்றிக்கொண்டது. இவனும் வெறுங்கையோடு இறங்கவில்லை. படுக்கை, துப்பாக்கி, கோடரி, கத்தி, கெட்டில், பைபிள் எல்லாம் இருந்தன. ஆனால் நாள் ஆக ஆக என்ன நடந்தது என்பதுதான் வேடிக்கை. துப்பாக்கி மருந்து தீர்ந்தது. ஆடுகளை ஓடியே பிடிக்கக் கற்றுக்கொண்டான். நெருப்புக்கு இரண்டு மரத்துண்டுகளைத் தேய்த்துக்கொண்டான். செருப்புத் தேய்ந்தது; உள்ளங்காலே செருப்பாகிவிட்டது. துணி கிழிந்தது, ஆட்டுத்தோலைத் தைத்து உடுத்தினான். கத்தி தேய்ந்தபோதுதான் சங்கடம் வந்தது. தீவு முழுவதும் தேடினாலும் கத்திக்குப் பதில் சொல்லும் பொருள் அங்கே விளையவில்லை. யாரோ எப்போதோ விட்டுப்போன பீப்பாயின் இரும்பு வளையங்கள் கரையில் கிடந்தன. அவற்றைத் தட்டிக் கொட்டித் தீட்டி வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளினான்.

இந்தச் செல்கிர்க்கின் அனுபவத்தைப் படித்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் உருவாகத் தொடங்கியது. ஆனால் அதை முழுமையாக்கிக் கொடுத்தவர் எங்கள் மதுராந்தகத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். அவர் குரூசோவையும் அறியார், செல்கிர்க்கையும் அறியார்.

மதுராந்தகம் என்றதும் உங்களுக்கு ஏரிதான் ஞாபகத்துக்கு வரும். 1798-ல் பெருமழையில் கரை உடையும் தறுவாயில் இருந்ததாம். கலெக்டர் லயோனல் பிளேஸ் துரை பதறிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, வில்லும் கையுமாக இருவர் கரைமேல் நின்று காவல் காத்ததாம். அன்று முதல் எங்கள் ஊர் ராமர் 'ஏரி காத்த ராமர்' ஆனாராம். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதைகளும் இந்த வட்டாரத்தில் உண்டு. ஏரிக்கும் வேடந்தாங்கலுக்கும் நடுவே, கரிக்கிலிப் பக்கத்திலும், கிழக்கே கடற்கரை வரைக்கும், வயல்களின் இடுக்கில் இடுக்கில் புதர்க்காடுகள் இருக்கின்றன. சிங்கம் புலி உலவும் வனமல்ல. காரையும் சூரையும் களாவும் கள்ளியும் பின்னிக் கிடக்கும் முட்காடு. பஸ்ஸில் போகிறவர்கள் அதைக் காடு என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். ஆனால் அந்தக் காட்டை நம்பித் தலைமுறை தலைமுறையாக ஜீவித்த மக்கள் இருளர். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாடு முழுவதிலும் அவர்கள் ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். நாம் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் விளையாட்டாகக் கேட்டுக்கொள்ளும் கேள்விக்குத் தினந்தோறும் விடியற்காலையில் பதில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்கள் அவர்கள்.

அறுவடை முடிந்த ஒரு தை மாதக் காலையில், வயல் வரப்பில் எலி பிடிக்க வந்திருந்த பெரியவரிடம் நான் அதைக் கேட்டேன்.

"பெரியவரே, காட்டுக்குப் போகும்போது ஒரே ஒரு சாமான்தான் எடுத்துக்கொண்டு போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்துப் போவீர்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒண்ணுதானே ஐயா எடுத்துக்கினு போறோம்?" என்றார்.

அப்போதுதான் அவர் தோளைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்தால் அதற்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். ஒரு குட்டைக் கடப்பாரை. பிடிக்கிற இடம் மட்டும் கை பட்டுப் பட்டுக் கோயில் மணிபோல் மின்னிக்கொண்டிருந்தது.

"தீப்பெட்டி வேண்டாமா?" என்று வக்கீல் நண்பரின் கட்சியை எடுத்து வைத்தேன்.

"பெட்டியிலே எத்தினி குச்சி இருக்கும் ஐயா? தீந்து பூடுமே."

"தண்ணீர்?"

"தண்ணி காட்டுல இருக்குது. கெழங்கு இருக்குது. வெறகு இருக்குது. மருந்துத் தழை இருக்குது. இரும்பு மட்டுந்தான் காட்டுல மொளைக்காது."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? காட்டுக்கு எடுத்துப் போகவேண்டியது, நமக்கு மிகவும் வேண்டியது எதுவோ அதுவல்ல. காடு எதைத் தராதோ அது. தீர்ந்துபோகாததாகவும் இருக்கவேண்டும். வாத்தியாரின் கத்திக்குப் பாதி மார்க் கொடுக்கலாம். ஆனால் கத்தி வெட்டும், தோண்டாது. எங்கள் சீமைக் காட்டில் சாப்பாடு பெரும்பாலும் பூமிக்குள்ளேதான் இருக்கிறது. வள்ளிக்கிழங்கு கொடியின் கீழே ஓரிரண்டு முழம் இறங்கியிருக்கும். எலி வளைக்குள் இருக்கும். அது மட்டுமா, நம் வயலிலிருந்து எலி களவாடிய நெற்கதிரும் தனி அறை போட்டு அங்கேயே சேமிக்கப்பட்டிருக்கும். புற்றைக் கிளற வேண்டுமா, கல்லைப் புரட்ட வேண்டுமா, முள்ளை விலக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கம்பி. மழுங்கினால் கொல்லன் உலையில் வைத்து நாலு தட்டுத் தட்டிக்கொண்டால் மறுபடியும் புதிது.

இரும்பின் பெருமையை எங்கள் பக்கத்து மண் வெகு நாளாகவே அறியும். மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் 1950-களின் தொடக்கத்தில் தொல்பொருள் துறையினர் பெருங்கற்காலச் சமாதிகளைத் தோண்டிப் பார்த்தார்கள். இறந்தவர்களோடு மண்பாண்டங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றோடு இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் இருந்தன. போனவர்கள் திரும்பி வராத ஒரு பிரயாணத்துக்கு என்ன கட்டிக்கொடுத்து அனுப்பலாம் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் வாழ்ந்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். சோற்றுக்குப் பானை, கைக்கு இரும்பு. நம் கல்யாண வீட்டுப் பதில்களைவிட அது எவ்வளவோ தேவலை!

இரும்புதான் பதில் என்று சொல்லிக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு கடப்பாரை இருக்கிறதே! தேங்காய் மட்டை உரிப்பதற்கென்றே நட்டு வைத்திருக்கிறோம். அதைத் தூக்கிக்கொண்டு நான் காட்டுக்குப் போனால், சாயங்காலத்துக்குள் முப்பது இடத்தில் குழி தோண்டிவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருப்பேன்.

பெரியவர் அன்று வரப்பில் பத்துப் பன்னிரண்டு வளைகளைப் பார்த்தார். ஒன்றில் வாய்க்குக் குறுக்கே சிலந்தி வலை கட்டியிருந்தது. காலி வீடு என்று தாண்டிப் போனார். ஒன்றில் வெளியே தள்ளியிருந்த மண் காய்ந்து வெளுத்திருந்தது, அதையும் விட்டார். இன்னொன்றின் அருகே குனிந்தார், அப்படியே இரண்டு அடி பின்வாங்கினார். வளையின் வாய் யாரோ விரலால் தடவிவிட்டதுபோல் வழுவழுப்பாக இருந்தது. புழுதியில் மெல்லிய ஒரு கோடு.

"இதுல எலி இல்ல ஐயா. எலியைத் துன்னுட்டு வேற ஆளு படுத்திருக்குது" என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய மனிதரின் தூக்கத்தைக் கலைக்காமல் நகருகிறவர்போல் நகர்ந்தார். கடைசியில் ஒரே ஓர் இடத்தில்தான் கடப்பாரை இறங்கியது. எலி அங்கே இருந்தது.

அந்தக் கண்ணின் மகிமையை உலகமும் ஒரு தடவை பார்த்தது. அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்துச் சதுப்பு நிலக் காடுகளில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிவிட்டன. ஆசையாக வளர்த்தவர்கள் கைவிட்ட பாம்புகளும் தப்பித்துப் போனவையும் முட்டையிட்டுப் பெருகி, அந்தக் காட்டு முயலையும் மானையும் விழுங்கிக்கொண்டிருந்தன. 2016-ல் அரசாங்கம் ஒரு போட்டியே வைத்தது. ஏறக்குறைய ஆயிரம் பேர் ஒரு மாதம் தேடி 106 பாம்புகளைப் பிடித்தார்கள். தலைக்கு ஒரு பாம்பு அல்ல. பத்துத் தலைக்கு ஒரு பாம்பு! அடுத்த வருஷம் ஜனவரியில், செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். அதுவரை அவர்கள் பார்த்திராத காடு, பிடித்திராத பாம்பு, தெரியாத பாஷை. கையில் ஓர் இரும்புக் கம்பி. இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று பதினாறு அடி நீளம். 2023-ல் இருவருக்கும் நம் அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது.

ஆக, இரும்பு பாதி, கண் பாதி என்று முடித்துவிடலாமா? அதுவும் போதாது. மூன்றாவதாக ஒன்று வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி நாம் பந்தியில் பேசவே இல்லை. காடு இருக்கவேண்டும், அதற்குள் நுழைய அனுமதியும் இருக்கவேண்டும்.

ஒரு காலத்தில் இருளர்கள் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். லட்சக்கணக்கான தோல்கள் கப்பலேறிச் சீமைச் சீமாட்டிகளின் கைப்பைகளாயின. பாம்பு அழிந்தால் எலி பெருகும், எலி பெருகினால் நெல் போகும் என்ற கணக்கு அப்போது யாருக்கும் தோன்றவில்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி அடியோடு நின்றது. சட்டம் நியாயமானதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு ராத்திரிக்குள், தோளில் அதே கடப்பாரையும் முகத்தில் அதே கண்களுமாக, ஒரு ஜனக் கூட்டமே பிழைக்க வழியில்லாமல் நின்றது. தோலை வாங்கிய வியாபாரிகள் வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். இவர்களில் அனேகர் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போய், அந்தக் கடனிலேயே கொத்தடிமைகளாகக் கிடந்தார்கள்.

பாம்பு ஆராய்ச்சியாளரான ராமுலஸ் விட்டேக்கர் முதலியோரின் முயற்சியால், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசாங்கம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் பிடித்து வருகிறார்கள். மூன்று வாரம் பானையில் வைத்திருந்து, நாலு தடவை விஷம் எடுத்துவிட்டு, அடையாளமிட்டுக் காட்டிலேயே கொண்டு விடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டுதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. 2000-க்கும் 2019-க்கும் இடையே நம் தேசத்தில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கடிபட்டும் பிழைத்து வீடு திரும்பிய எத்தனையோ விவசாயிகளின் உடம்பில் இருளர் பிடித்த பாம்பின் உபகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் சங்கத்தில் எல்லோருக்கும் இடம் இல்லை. மீதிப் பேர் ஏரிப் புறம்போக்கிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடிசை போட்டுக்கொண்டு நம் ஊருக்குள், நம்மைப்போல், வாழப் பார்க்கிறார்கள். அப்படி வாழ்வதற்கு எந்த ஒரு பொருள் தேவை? அதையும் நான் பெரியவர் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய பேரன் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தான். மேலே படிக்கவும், உதவித் தொகை பெறவும், பழங்குடி என்பதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மற்றச் சான்றிதழ்களைப்போல் அதைத் தாசில்தாரே கொடுத்துவிட முடியாது. கோட்டாட்சியர் நிலையில் உள்ள அதிகாரி விசாரித்துக் கொடுக்கவேண்டும். பழங்குடி அல்லாதவர்கள் பொய்ச் சான்றிதழ் வாங்கிய சம்பவங்கள் உண்டாகையால், விசாரணை கண்டிப்பாக இருக்கிறது. கண்டிப்பு இருக்கட்டும். ஆனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா?" என்பது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பாவுக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? அப்பாவின் அப்பாவுக்கு இருந்ததெல்லாம் கடப்பாரை. அதைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால் ரப்பர் ஸ்டாம்பு குத்துவார்களா?

பெரியவருக்காக மனு எழுதிக் கொடுத்தேன். ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை. அவரோடு ஓர் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். வரப்பில் இரண்டு நொடியில் எந்த வளையில் யார் இருக்கிறார்கள் என்று சொன்ன அந்த மனிதர், எந்தக் கதவுக்குள் யார் இருக்கிறார்கள், யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் சுவரோரமாகக் குந்தியிருந்தார். காட்டில் நான் எப்படியோ, அப்படி அங்கே அவர். எனக்கு அவர் வழி காட்டியதுபோல் அவருக்கு நான் வழி காட்டினேன் என்று பெருமையடித்துக்கொள்ளவும் இடமில்லை. அவர் ஒரே தடவையில் எலியைக் காட்டினார். நான் காட்டிய கதவுகளோ ஒவ்வொன்றாக, "அடுத்த வாரம் வாங்க" என்றன. இரண்டு வருஷம் கழித்து அந்தக் காகிதம் கிடைத்தது. அதற்குள் பையன் ஒரு வருஷம் செங்கல் சூளையில் மண் சுமந்துவிட்டான்.

ஒவ்வொரு மாசி மகத்துக்கும் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். மணலில் ஏழு படிகள் அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பல்லவன் குடைந்த ரதங்களும் கோயிலும் சற்றுத் தள்ளி நிற்க, இவர்களுடைய கோயில் மறுநாள் அலையோடு போய்விடும். ஒன்றையும் நிரந்தரமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளாத ஜனங்கள்! அவர்களைப் போய் நாம், "உன் பாட்டனார் காலத்துக் காகிதம் எங்கே?" என்று கேட்கிறோம்.

2015 மழைக்காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கிளியாற்றில் புரண்டு ஓடியது. வாய்க்கால் ஓரத்துக் குடிசைகளில் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறியது. பெரியவர் குடும்பம் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் ஒதுங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு மறுநாள் போனேன். மார்போடு ஒரு பிளாஸ்டிக் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே சான்றிதழும், ரேஷன் கார்டும், நான் எழுதிக் கொடுத்த மனுக்களின் நகல்களும் இருந்தன. வேறு ஒன்றையும் எடுத்து வரவில்லை.

"கடப்பாரை எங்கே பெரியவரே?" என்று கேட்டேன்.

"அது தண்ணியிலே கெடக்குது ஐயா. வடிஞ்சாட்டி எடுத்துக்கலாம், ஒண்ணும் ஆவாது" என்றார். பிறகு பையின் வாயை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டே சொன்னார்: "காயிதம் நனைஞ்சா பூடும்."